வராத மூன்று வெள்ளிக்கிழமைகள்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாதியாகப் பணியாற்றினேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், வளரிளம் பெண்களுக்கென்று செவ்வாய்க்கிழமைகளில் தோட்ட மருந்தகத்தில் தனியாக ஒரு கிளினிக் தொடங்கினேன். எவரும் வரவில்லை. மருந்தகத்துக்குப் போகும் பாதை தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று லயங்களின் வாசல்களைக் கடந்தது. தாயின்றி அவ்வழியே நடந்த பெண்ணைப் பற்றி மாலைக்குள் தோட்டமே பேசிவிடும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மாரியம்மன் கோயிலில் கூட்டாகப் பதிகம் பாடுவோம். சிறுவயது முதல் எனக்கு அவை மனப்பாடம். ஊசி போடும்போதும் வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பெண்பிள்ளைகளும் வந்தார்கள். பாடி முடித்து விபூதி பூசிக்கொண்டு இறங்கும் வழியில், கிளினிக்கில் கேட்காதவற்றையெல்லாம் என்னிடம் கேட்டார்கள். அம்மனே காட்டிய வழி என்று நம்பி, கோயிலையே என் கிளினிக்காக்கிக் கொண்டேன்.

பெரியவளாகிச் சில மாதங்களே ஆன பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி இரண்டு வெள்ளிக்கிழமைகள் வரவில்லை. தூரம் என்று சொல்லும் மாதவிலக்கு நாளில் எங்கள் பெண்கள் கோயிலுக்கு வருவதில்லை. ஆகவே நான் ஏதும் விசாரிக்கவில்லை. ஒழுக்கமான பிள்ளை என்று மனத்துக்குள் மெச்சவும் செய்தேன்.

மூன்றாம் வெள்ளியன்று அவளுடைய தோழி சிரித்தாள். "அவ இன்னைக்கும் தூரமாம் மிஸ். பாட்டு வராதுன்னு மூணு வாரமா நல்லா டிமிக்கி குடுக்குறா!"

மற்றவர்களும் சிரித்தார்கள். என் கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்தேன். பாட்டுக்கு நிற்காமலே அவளுடைய லயத்துக்கு ஓடினேன்.

அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவின் மூலையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. நாடி விரைந்து ஓடியது.

"புதுசுல அப்படித்தான் போகும்னு சொன்னாங்க மிஸ்" என்றாள் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த தாய்.

"இருபது நாளாவா? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா."

"ஐயோ, வேண்டாம் மிஸ். வயித்தக் கலைக்கப் போனான்னு சொல்லுவாங்க. நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

"பேசுறவங்க என்கிட்ட வந்து பேசட்டும். புள்ள உசுரு போனா யாரக் கட்டிக் குடுப்பீங்க?"

தாய் அழுதுகொண்டே சால்வையை எடுத்தாள். ஓட்டோவில் பிள்ளையின் தலை என் மடியில் இருந்தது. வழக்கமாக வாய்க்குள் ஓடும் பதிகம் அன்று ஓடவில்லை. முதல் வாரமே ஏன் கேட்கவில்லை என்பதுதான் ஓடியது.

வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றினார்கள். சுரப்புகள் இன்னும் சீராகாததால் வந்த உதிரப்போக்கு என்று மாத்திரை தந்து, ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள்.

கோயில் வழக்கத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதற்கான துணிவும் இருக்கவில்லை. என் கிளினிக்கை மாற்றுவது என் கையில் இருந்தது. கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா மாலையில் காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகுமுன் அங்கே கூடினோம். எவருக்கு எந்த நாளானாலும் வரலாம் என்றேன்.

சில வாரங்கள் கழித்து அவள் வந்தாள்.

"இன்னைக்கு மூணாம் நாள் மிஸ். கணக்காத்தான் போகுது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்.

"அப்ப கோயிலுக்கு டிமிக்கி!" என்றாள் தோழி.

"அங்கதானே வரக்கூடாது? இங்கேயே பாடுறேன்."

தொட்டில்களுக்கு நடுவே அமர்ந்து பாடத் தொடங்கினாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. இரண்டாவது அடியிலேயே சுருதி விலகியது. நான் திருத்தவில்லை; உடன் பாடினேன்.