நாங்கள் எடுக்காத சிரிப்பு

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு தையல்கடை மாடியில் எங்கள் சினிமா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் நான், ஒளிப்பதிவாளரான என் நண்பன், ஒரு பழைய கேமரா, அப்புறம் எக்கச்சக்கமான தலைக்கனம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, எல்லோரும் கதை சொல்வதுபோல ஒரு கதையும் கிடையாது. பூஜை போட மாட்டோம், பூசணிக்காய் உடைக்க மாட்டோம். விநியோகஸ்தர்கள் எங்களை உருப்படாத கம்பெனி என்றார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது படம், சாவு விழுந்த ஒரு வீட்டின் ஒரே ஒரு பகலைப் பற்றியது. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழம் பறிக்கும் பருவத்தில் எடுத்தோம். நடிகர்கள் வேண்டாமென்று எஸ்டேட் ஆட்களையே நடிக்க வைத்தோம். பிணமாகப் படுக்க ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரைக்கூடக் கிண்டல் செய்கிற வாய் அவருக்கு. தொழிலாளர் லைனில் இருந்த அவருடைய வீட்டு வாசலிலேயே பெஞ்சு போட்டுப் படுக்க வைத்து, மூன்று நிமிடம் ஒரே ஷாட்டாக எடுத்தோம்.

ஷாட் முடிந்தும் நண்பன் கேமராவை நிறுத்தவில்லை. மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் பழகியவன். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிப்பதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது என்பது அங்கே வழக்கம். படத்தில் சேர்க்க மாட்டார்கள், சும்மா எடுத்து வைப்பார்கள். இதை அவரிடமும் முன்பே சொல்லியிருக்கிறான். படுத்திருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டார்.

"சிரிக்கட்டுங்களா?"

"வேண்டாம். பிலிம் வீண். கட்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "ஒருக்கா புடிச்சுப் போடுங்க. மனசுக்கு நிம்மதியா இருக்குமுங்க."

மூடநம்பிக்கையைப் பற்றி அந்த அம்மாளுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். கேமரா நின்றிருந்தது.

மெட்ராஸில் போட்டுப் பார்த்தபோது பிணத்தின் வயிறு லேசாக ஏறி இறங்குவது தெரிந்தது. எனக்கு ஒரே எரிச்சல். திரும்பப் போய் எடுத்துவிடலாம் என்றிருந்தோம். அதற்குள் அந்த மனிதர் மிளகு பறிக்க ஏணியில் ஏறி, விழுந்து இறந்துபோனார்.

சிரிப்பை எடுக்காததால்தான் செத்தார் என்று அன்றும் நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் துக்கம் விசாரிக்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மெட்ராஸிலேயே கிடந்தேன். வேறு வழியில்லாமல் அந்த ஷாட்டை அப்படியே படத்தில் வைத்தோம்.

படம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எஸ்டேட் கிடங்கின் ஜன்னல்களில் சாக்கு கட்டி அங்கத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். இறந்தவருக்கென்று வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஷாட் வந்தது, போனது. கடைசிவரை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அவரு சிரிச்சுட்டு எந்திரிக்கறது வரவே இல்லீங்களே?"

"அதை எடுக்கலைங்கம்மா."

"நீங்க வேண்டாமுன்னுதான் சொன்னீங்க. அப்பறமாச்சும் புடிச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு நொடி பிலிம். வெட்கத்தில் அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, "அவரு மூச்சு உடறது தெரிஞ்சுதுங்க. அதை மட்டும் இன்னொருக்கா போடுங்க" என்றார்.

நண்பன் சுருளைப் பின்னால் சுற்றினான். அந்த அம்மாள் வரிசையை விட்டு எழுந்துபோய், திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.