ஆடு தின்ற நோட்டீஸ்

மச்சாள் கிணற்றடித் தொட்டிக்குள் சட்டத்தை அமிழ்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, மட்டமாக மெல்லத் தூக்கினாள். சன்னல் சட்டமொன்றில் படுக்கைக்குக் கட்டுகிற பழைய நுளம்பு வலையை இறுக்கிக் கட்டியிருந்தோம். தண்ணீர் வடிய வடிய, வாழைச்சருகுக் கூழ் வலைமேல் தோசை மாதிரிப் படிந்து நின்றது. "பிள்ளை, இது கடதாசியடி" என்றாள். இன்று கடைக்குப் போனால் வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. ஒரு தாளைக் கையில் எடுத்துவிட்டு யாராவது துள்ளுகிறார்களா? நாங்கள் துள்ளினோம்.

இரண்டாம் உலக யுத்த காலம். குண்டு விழுந்தபோது ஊரை விட்டோடிய சனம் திரும்பி வந்து, திருகோணமலைத் துறைமுகம் கப்பலும் பட்டாளமுமாக நிறைந்திருந்தது. அண்ணாவின் சின்ன அச்சகத்துக்குக் கடதாசி மட்டும் வரவில்லை. அங்கே எழுத்துக் கோப்பவள் அண்ணாவின் மனைவியான என் மச்சாள். தாள் மடிப்பவள் நான். அண்ணா நல்ல மனுசன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. யந்திரத்தைக் கொழும்பில் ஒருவருக்கு விற்றுவிட்டுத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போவதென்று முடிவுகட்டிவிட்டார். மச்சாளுக்கு அது உயிரைப் பிடுங்குகிற மாதிரி. கலியாணமாகி வந்த நாள் முதல் அவள் அந்த ஈய எழுத்துகளோடுதான் வாழ்ந்தாள். "குசினிக்குள்ளை அடுப்போடை மட்டும் கிடக்க என்னாலை ஏலாது" என்று அண்ணாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். "ஒருக்கா எனக்கு விட்டுப் பாருங்கோ."

சாம்பல்தீவுத் தோட்டங்களில் வாழைச்சருகைக் குவித்து எரித்துத் தள்ளுவார்கள். கேட்டதும் வண்டியோடு தந்தார்கள், சிரித்துக்கொண்டும் தந்தார்கள். நறுக்கி, சாம்பல் தண்ணீரில் அவித்து, உரலில் இடித்தோம். முதல் அவியலைச் சரியாக அலசாததால் எங்கள் கைத்தோல் உரிந்தது. அடுத்ததில் மை ஊறிப் பரவி, எழுத்தெல்லாம் மயிர்க்கொட்டிப் புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. சேலைக்குப் போடுகிற சோற்றுக் கஞ்சியைத் தாளுக்கும் போட்டால் என்ன என்று மச்சாளுக்குத் தோன்றியது. கஞ்சி பூசிக் காயவைத்த தாளில் எழுத்து கறுகறுவென்று நின்றதே, அந்தச் சந்தோசத்தை இப்போதும் என்னால் அடக்க முடியவில்லை. நிறம் பழுப்பு, ஓரம் பிசிறு, அதனால் என்ன? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் நோட்டீஸ் கேட்டு வந்திருந்தார். இரவில் விளக்கேற்றக் கூடாத இருட்டடிப்புக் காலமென்பதால் பகலிலேயே ஆடப்போகிற கூத்து. நோட்டீஸை அடித்து, விடியவே போய்ச் சந்தைச் சுவர் முழுக்க நானும் மச்சாளும் ஒட்டினோம்.

மத்தியானத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. ஊர் ஆடுகள் வந்து அத்தனையையும் தின்றுவிட்டன. வாழைச்சருகு, மேலே சோற்றுக் கஞ்சி, பின்னால் மாப்பசை, விருந்தல்லவா வைத்திருக்கிறோம்! சந்தையில் சிரித்த சிரிப்பு எங்கள் வாசல்வரை வந்தது. அண்ணா உள்ளே போனார். ஸ்பானரை எடுத்து யந்திரத்தின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். மச்சாள் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து அண்ணாவியார் வந்தார். ஏச்சு விழப்போகிறதென்று நான் குசினிப் பக்கம் நழுவப் பார்த்தேன். மனுசனோ வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆடு தின்ற நோட்டீஸிலை என்ன கிடந்ததெண்டு ஊர்ச்சனம் முழுக்க என்னட்டைக் கேக்குது. சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. இன்னும் அடிச்சுத் தாங்கோ தங்கச்சி. சுவரிலை வேண்டாம், கையிலை குடுப்பம்."

அண்ணா கையிலிருந்த ஆணியைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். பிறகு இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "உலக்கை எங்கை?" என்று கேட்டார்.

மச்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இடிக்க எங்களுக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் முதல்லை யந்திரத்தைத் திரும்பப் பூட்டுங்கோ."