ஒன்றரைக் கட்டை

பேய், ஆவி, குறி சொல்றது, செத்தவங்க கனவுல வர்றது, இதுல ஒண்ணுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. இப்பவும் கிடையாதுன்னுதான் வெளிய சொல்லிட்டுத் திரியுறேன். பாறசாலையில இருந்து செங்கல், குன்னத்துகால்னு ஊர் ஊரா ஸ்கூட்டர்ல வீடு வீடாப் போயி பியானோ சொல்லிக் குடுக்கிறவன் நான். என்னைப் பயமுறுத்தணும்னா கிரேடு பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளோட அம்மாமார் போன் பண்ணினாலே போதும், வேற பேய் எதுக்கு? ஆனா போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, மண்டபம் நிறைய ஆளுக்கு முன்னால நடந்ததை மனசுல எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறேன். நீங்க நம்பினாலும் சரி, இந்த ஆளுக்குக் கிறுக்குன்னு நினைச்சாலும் சரி, சொல்லிடுறேன்.

பியானோன்னு சொன்னேனே தவிர, நான் போற வீடுகள்ல பியானோ கிடையாது, எல்லாம் கரண்டுல ஓடுற கீபோர்டு. அதுல ஒரு பட்டன் உண்டு, அமுக்கினா மொத்த கீபோர்டும் சுதி ஏறும், இல்லன்னா இறங்கும். சபையில வாசிக்கிற பையன்மார் பாதிப்பேருக்கு ஒரே சுதியிலதான் வாசிக்கத் தெரியும், பாடுறவங்க தொண்டைக்குத் தக்கன பட்டனை அமுக்கிட்டு பழைய இடத்துலயே விரலை ஓட்டுவாங்க. அந்தப் பட்டனைக் கண்டாலே நான் எரிஞ்சு விழுவேன், அது எல்லாருக்கும் தெரியும். நிஜ பியானோவுல அதெல்லாம் நடக்காது, உள்ள இருக்கிறது இருநூறுக்கு மேல கம்பி, இறுக்கினது இறுக்கினதுதான். இதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

குன்னத்துகால்ல மெர்சின்னு ஒருத்தி எங்கிட்ட படிச்சா. கல்யாணம் ஆகல, அக்கா ஜெசிந்தாவோட சேர்ந்து தையல் கடை வெச்சிருந்தா. அவங்க சபையில பாட்டு நடத்துறது மெர்சிதான். கனத்த குரல், மேல ஏறாது. அதனால கீபோர்டுல எந்தப் பையன் உக்காந்திருந்தாலும் குனிஞ்சு, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி, "இறக்கித் தா மக்கா, எனக்கு எட்டாது"ன்னு சொல்லிட்டுத்தான் பாட்டையே தொடங்குவா, போதகர் உட்பட எல்லாரும் சிரிப்பாங்க. அவளுக்கு நான் நாக்டர்ன் ஒண்ணு சொல்லிக் குடுக்கத் தொடங்கினேன். ஐரோப்பாவுல ரொமான்டிக் காலம்னு சொல்லுவாங்க, அப்போ ராத்திரிய நினைச்சு எழுதின இசை, வார்த்தை கிடையாது, இடது கை தொட்டில் ஆட்டும், வலது கை தனியாப் பாடும். மெர்சி அதுல அப்படியே விழுந்துட்டா. பாதி படிச்சதுல வியாதி வந்துட்டு. படுக்கையிலயும் அதைத்தான் முணுமுணுத்துட்டே கிடந்தாளாம். கடைசியில அக்காகிட்ட, "மீதிய நீ படி, ஒரு தடவை நல்ல பியானோவுல வாசி, எனக்குக் கேக்கணும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஜெசிந்தா அக்காவுக்கு அப்போவே ஐம்பது வயசு இருக்கும். தங்கச்சி போனதுல இருந்து சபைக்கு வருவா, ஆனா பாட்டு தொடங்கினா எழும்பி வெளிய போயி மாமரத்துக்குக் கீழ நிப்பா, பாட்டு முடிஞ்சதும் உள்ள வருவா. ஏன்க்கான்னு கேட்டேன். "அவளுக்கு வாக்கு குடுத்தாச்சு சாரே. அதை வாசிச்சுக் குடுக்காம எனக்க வாயில ஒரு பாட்டும் வராது"ன்னா. மெர்சியோட கீபோர்டுலயே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன். பழைய கீபோர்டு, திரை செத்துப் போயிருந்தது, எண் ஒண்ணும் தெரியாது. துணி வெட்டி வெட்டி காய்ச்சுப் போன கை, ஒவ்வொரு விரலா நான் பிடிச்சு வைக்கணும், ஆனா விடமாட்டா. ரெண்டு வருஷத்துல முழுசும் கைக்கு வந்துட்டு.

நெய்யாற்றின்கரை பக்கத்துல ஒரு சபை மண்டபத்துக்கு வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர் புது பியானோ வாங்கிக் குடுத்திருந்தார். என் மாணவர்களை வெச்சு அங்க ஒரு நிகழ்ச்சி நடத்தக் கேட்டேன். "ரொமான்டிக் இசை மாலை"ன்னு நோட்டீசைப் பார்த்த அந்த ஊர்ப் போதகர், "சாரே, இது சபை மண்டபமாக்கும், வயசுப் பிள்ளைகளும் வருமே"ன்னு தயங்கினார், அவருக்குப் புரியவைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிட்டு. திருவனந்தபுரத்துல இருந்து ஆள் வந்து பியானோவுக்குச் சுதி சேர்த்துட்டுப் போனார். முந்தின நாள் ஒத்திகை. ஜெசிந்தா அக்கா உக்காந்தா, முதல் சுரத்தை அமுக்கினா, சூட்டுல பட்ட மாதிரி கையை இழுத்துட்டா.

"சாரே, இது வேற பாட்டாக்கும்."

எனக்கு ஒண்ணும் புரியல. கீ சரிதான், விரல் சரிதான். திரும்பத் திரும்ப முயற்சி பண்றா, நாலஞ்சு சுரம் போனதும் கை நின்னுடுது, மூஞ்சி வெளுத்துட்டு. அப்புறம்தான் எனக்கு மண்டையில உறைச்சது. போன்ல அவ வீட்டுல எடுத்த வீடியோ ஒண்ணு கிடந்தது, அதைப் போட்டு பியானோவோட ஒத்துப் பார்த்தேன். வீட்டுக் கீபோர்டு ஒன்றரைக் கட்டை கீழ இருக்கு, அதாவது மூணு கீ தள்ளி. படுக்கையில கிடந்து முணுமுணுக்க எட்டலன்னு மெர்சி இறக்கி வெச்சிருக்கா, அது அப்படியே நின்னிருக்கு. சிலருக்கு ஒரு சுரம் எந்த உயரத்துல கேட்டதோ அது காதுல ஒட்டிக்கும், ஜெசிந்தா அக்காவுக்கு அந்தக் காது. எனக்குக் கிடையாது, எந்தச் சுதியில வாசிச்சாலும் எனக்கு ஒண்ணுதான், அதனாலதான் ரெண்டு வருஷமாப் பக்கத்துல உக்காந்தும் தெரியல. என்மேலயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

கீபோர்டையே மண்டபத்துக்குக் கொண்டு வரலாம்க்கான்னு சொன்னேன். "அவ பியானோவுலதான் கேட்டா"ன்னா. வீட்டுல போயி சுதிய மாத்தி வெச்சு ராத்திரி முழுக்கப் பழகுவோம்னேன். "அதுல கை வெக்காண்டாம் சாரே, அவ வெச்சிட்டுப் போனதாக்கும்"னு ஒரே பிடி. அப்போ நிகழ்ச்சியில இருந்து பேரை எடுத்துடவான்னு கேட்டேன். "எடுக்காண்டாம். நான் வாறேன்"னு மட்டும் சொன்னா. எனக்கு அன்னிக்குத் தூக்கமே இல்ல. நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னால இவ உடைஞ்சு போனா இனி சபைப் படியே ஏறமாட்டான்னுதான் திரும்பத் திரும்ப ஓடுது.

மறுநாள் சாயங்காலம் வெளிய சன்ன மழை. அஞ்சாறு பிள்ளைங்க வாசிச்சு முடிச்சாங்க. ஜெசிந்தா அக்காவுக்கு முன்னால வாசிச்ச பொண்ணு முடிச்ச கடைசிச் சுரமும் அக்கா தொடங்குற சுரமும் ஒரே கீ. அந்தச் சத்தம் என் காதுல இன்னும் நிக்குது, கைதட்டு அடங்குது, அக்கா வந்து உக்காருறா, நான் இசைப் புத்தகத்தோட தாளைத் திருப்பப் பக்கத்துல நிக்கேன். கண்ணை மூடிட்டு அதே கீயை அமுக்கினா. நம்புங்க, நம்பாம போங்க, சத்தம் கீழ வந்தது. விரலைப் பார்த்தேன், சரியான இடத்துல இருக்கு. அடுத்த சுரம், அதுவும் கீழ. மொத்தப் பியானோவும் கீழ போயிட்டு. அக்கா தடுமாறவே இல்ல, வீட்டுல வாசிக்கிற மாதிரி வாசிச்சுட்டே போறா, எனக்குத்தான் ஒரு தாளைத் திருப்ப விட்டுப் போச்சு. கூட்டத்தைப் பார்க்கிறேன், ஒருத்தர் முகத்துலயும் ஒண்ணும் இல்ல, யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறாங்க. ஓடிப் போயிடலாமான்னுகூட இருந்தது.

முடிச்சா, தட்டினாங்க. அடுத்த பையன் வந்து உக்காந்து தொடங்கினான், சுதி பழைய இடத்துல இருக்கு.

என் மனைவி நிகழ்ச்சி முழுசையும் ஒரே ஓட்டமாப் போன்ல எடுத்திருந்தா. சுதி பார்க்கிற ஆப்புல வெச்சுப் பார்த்தேன். அக்கா வாசிச்சது மட்டும் ஒன்றரைக் கட்டை கீழ. வீடியோ மெதுவா ஓடியிருக்கும்னு நீங்க சொல்லுவீங்க, நானும் அதைத்தான் நினைச்சேன், ஆனா அந்த நேரத்துல பின்னால அழுத குழந்தையோட குரல் மாறல, இருமினவர் இருமல் மாறல. சுதி சேர்த்தவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், "அத்தனை கம்பியையும் ஒரு பாட்டுக்கு மட்டும் இறக்கி ஏத்த யாராலே முடியும் சாரே, நீங்க உறங்கணும்"னு சிரிச்சார்.

அடுத்த வாரம் குன்னத்துகாலுக்குப் போனேன். மெர்சி கீபோர்டுல ஒரு கீயை அமுக்கி அதே ஆப்புல பார்த்தேன், சாதாரணச் சுதி. யாரும் தொடலன்னு அக்கா சத்தியம் பண்ணினா. அப்போதான் மண்டபத்துல நடந்ததை அவகிட்டச் சொன்னேன். அவ துணி வெட்டிட்டிருந்தா, நிமிரக்கூட இல்ல.

"பின்னே? கூடப் பாடணும்னா அவளுக்கு எட்டண்டாமா சாரே?"

அந்த ஞாயித்துக்கிழமையில இருந்து அக்கா மாமரத்துக்குப் போறதில்ல, உள்ள நின்னு எல்லாரோடயும் பாடுறா. கேட்டப்போ எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதோட முடிஞ்சிருந்தா நான் இதை யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன மாசம் செங்கல்ல ஒரு டீச்சர் புதுசா டிஜிட்டல் பியானோ வாங்கி, அதே நாக்டர்னைப் படிக்கணும்னாங்க. முதல் கீயை அமுக்கினாங்க. எனக்கு அது தப்பா, ரொம்ப உயரத்துல கேட்டுது. எந்தச் சுதியும் ஒண்ணுன்னு இருந்தவன் நான், அந்தப் பட்டனைக் கண்டா எரிஞ்சு விழுறவன். என் வாய் தானாத் திறந்தது. "இறக்கித் தா மக்கா, எனக்கு எட்டாது."

டீச்சர் கையை எடுத்துட்டு என்னையே பார்த்தாங்க. அவங்க என்னைவிடப் பத்துப் பதினஞ்சு வயசு மூத்தவங்க.