விடைக்குறிப்பில் இல்லாத பதில்

எழுபத்து நான்கில், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். வேகம் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போவேன். காய்ந்த வாழைமட்டையை மிதக்கவிட்டு, நூறடி தூரத்தை அது எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். கரையோரம் ஒரு வேகம், நடுவாய்க்காலில் ஒரு வேகம். அதை அவர்களே கண்டுபிடித்து அவர்களே சண்டையும் போடுவார்கள். மறுநாள் என்ன செய்யலாம் என்ற யோசனையில் அடுப்பில் சோற்றைக் குழையவிட்டு மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

எண்பதுவாக்கில் புதுத் தலைமையாசிரியர் வந்தார். கெட்ட மனிதரல்ல. சேலத்தில் நடந்த தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலைக் கடைசிப் பள்ளியிலிருந்து தொடங்கி வாசித்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியின் பெயர் சீக்கிரமே வந்துவிட்டது. மாதாமாதம் மாவட்டம் முழுமைக்கும் ஒரே கேள்வித்தாள் என்று அங்கேயே முடிவாகியிருந்தது. திரும்பி வந்தவர் சட்டம் போட்டார். பழைய கேள்விகளுக்கு நாங்கள் விடை சொல்ல வேண்டும், பிள்ளைகள் எழுதி ஒப்பிக்க வேண்டும், ஒப்பித்ததற்கு நாங்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வாய்க்கால் கரைக்குப் போவது நின்றது. நான் போய்ச் சண்டை போட்டேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லாத்தானுங்க டீச்சர் நடத்தறீங்க. ஆனா நல்லா நடத்தறதை எழுதறதுக்கு மேலிடத்துக்கு அனுப்பற படிவத்துல கட்டமே இல்லீங்க."

இரண்டே வருடத்தில் நான் ஒப்பிக்க வைப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இப்போதும் கூசுகிறது. ஒருநாள் கரும்பாலை வைத்திருந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "கொப்பரையில பாகு பொங்கி வரைல ரெண்டு சொட்டு எண்ணெய் உட்டா அடங்கிப் போவுதுங்களே, அது ஏனுங்க டீச்சர்?"

முன்பென்றால் மறுநாளே வகுப்போடு அவர்கள் ஆலைக்குப் போயிருப்பேன். அன்று நான் சொன்னது, "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு." அவள் உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. அவள் மட்டுமல்ல, யாருமே கேட்கவில்லை.

அந்தக் கோடையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த சேலத்துக்குப் போனேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முகாம். மண்பானையில் தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன் என்பது ஒரு கேள்வி, மூன்று மதிப்பெண். விடைக்குறிப்பில் நுண்துளைகள், ஆவியாதல், உள்ளுறை வெப்பம் என்று மூன்று சொற்கள், சொல்லுக்கு ஒன்று. நூற்றுக்கணக்கான தாள்களில் அதே மூன்று சொற்களைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு தாளில் அவை இல்லை. கோணல் எழுத்தில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: களை வெட்டி வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருக்கிறது. வேர்வை காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானைக்கும் அப்படித்தான் வேர்க்கிறது. அடைமழை நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை, நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அன்றைக்குப் பானையின் வேர்வை காய்வதில்லை.

எட்டு வருடம் பாடம் நடத்திய எனக்கு அந்த மழை நாள் தோன்றியதில்லை. மூன்று போட்டேன்.

தலைமைத் தேர்வாளர் நான் திருத்திய விடைத்தாள் கட்டைச் சரிபார்க்கும்போது அதில் விரலை வைத்தார். "இது குறிப்புல இல்லீங்களே."

"தப்புன்னு சொல்லுங்க சார், அடிச்சுடறேன்."

"தப்புன்னு நான் சொல்லலீங்க. குறிப்புல இல்லைன்னுதான் சொல்றேன்."

அரைமணி நேரம் வாதாடினேன். பக்கத்து மேசைகளில் யாரும் தலை நிமிரவில்லை. கட்டை முடிக்காமல் யாரையும் விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் சிவப்பு மையால் மூன்றை அடித்துச் சுழி போட்டேன், பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அடித்தது அவர் கையல்ல, என் கை. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு எண் மட்டுமே இருந்தது.

அந்த வருடம் என் வகுப்பில் எல்லோரும் தேறினார்கள். மேடையேற்றி எனக்குச் சால்வை போட்டார்கள். கீழே இறங்கியதும் அதைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு, இனிப் பத்தாம் வகுப்பு வேண்டாம், ஆறாம் வகுப்பு கொடுங்கள் என்றேன். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. திருத்தும் பணிக்கும் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது; விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் எழுதிய நான்கு பக்கத்தை யாராவது படித்தார்களா என்று தெரியாது. சம்பள உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார்கள்.

ஆறாம் வகுப்பில் மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன். நாலாம் வருடம் ஆறாம் வகுப்புக்கும் பொதுக் கேள்வித்தாள் வந்தது. முத்திரையிட்ட உறையோடு விடைக்குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், நாங்களாக எதையும் யோசித்துச் சிரமப்பட வேண்டாம் என்று.