குச்சி முனைத் தோல்

சித்தூரில் பெண்கள் கேரம் என்றால் என் பேரைத்தான் சொல்வார்கள். இதை நானே சொல்லிக்கொண்டு திரிவதாக என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சொல்லிக்கொண்டால் என்ன, பொய்யா? எங்கள் தேவாலயச் சபையின் வாலிபர் அறையில், பாவாடை கட்டிய வயதிலிருந்து ஆடியவள் நான். அறுப்பின் பண்டிகைப் போட்டியில் என் எதிரே உட்கார வேண்டி வந்தால் பாதிப் பேர் வேறு ஜோடி கேட்பார்கள்.

அப்படிப்பட்ட என்னை, நான் வேலை பார்க்கிற ஃபேக்டரியின் ஆண்டு விழாவில் லெமன் ஸ்பூனுக்கும் கோலத்துக்கும்தான் கூப்பிடுவார்கள். பரிசாக எவர்சில்வர் டப்பா கொடுப்பார்கள். எங்கள் சமையலறையில் பருப்பு, ரவை, கடுகு எல்லாம் அந்த டப்பாக்களில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஜூஸ் ஃபேக்டரி என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் மாம்பழக் கூழ்தான் ஆகிறது. நான் லேபில் இருக்கிறேன். சீசனில் லாரி வந்து நின்றதும் பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இறக்கலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. சீசன் முடிந்துவிட்டால் மெஷினைக் கழட்டி மாட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. ஆட்கள் சும்மா நின்று பேசுகிறார்கள் என்று மேனேஜர் திருப்பதியிலிருந்து ஒரு பழைய பூல் மேசையை வாங்கி வந்து, பழப் பெட்டிகளைக் கழுவுகிற கிரேட் ஷெட்டில் போட்டார். கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சாக்கடைப் பக்கம் சரிவாக இருக்கும். மேசையின் இரண்டு கால்களுக்கு அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் மெதுவாகப் போகிற பந்து சாக்கடைப் பக்கமே திரும்பும்.

திருப்பதியில் சுற்று வட்டார ஃபேக்டரிகளுக்குள் பூல் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஃபேக்டரிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவதாகப் பேச்சில் இருந்த ஆள் பாய்லர் செக்‌ஷன் பையன். பையன் என்று நான் சொல்கிறேனே தவிர, குடுபல்லியில் அவனுக்குப் பெண்டாட்டியும் குழந்தையும் உண்டு. நானும் ஆடுகிறேன் என்று மேனேஜரிடம் போய் நின்றேன்.

"வாங்க மேடம், பஸ்ல எடம் இருக்குது. நம்ம ஆளுங்க ஆடும்போது கை தட்டறதுக்கு நாலு பேர் வேணுமே" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறிவிட்டது.

"தட்டறதுக்கு நான் வரல சார். அவனோட எனக்கு மூணு ஆட்டம் வைங்க. தோத்துட்டன்னா போற வழியெல்லாம் தட்டிக்கினு வர்றேன்" என்றேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. குறி பார்ப்பதில் எனக்கு யாரும் கிட்டே நிற்க முடியாது. எந்தப் பந்தைக் காட்டினாலும் குழிக்குள் போடுவேன். தொல்லை என்னவென்றால், அந்தப் பந்தின் பின்னாலேயே, குச்சியால் நாம் குத்துகிற வெள்ளைப் பந்தும் ஓடிக் குழியில் விழுந்துவிடும்.

"அக்கா, இது கேரம் இல்ல" என்றான் பாய்லர் பையன். "அங்க ஸ்ட்ரைக்கர் உள்ள பூந்தா ஒரு காயின் போவும், அவ்ளோதான். இங்க கடைசில கருப்போட ஒயிட்டும் பூந்துட்டா ஆட்டமே போச்சு."

அதற்கு ஒரே மருந்து, வெள்ளையைக் கீழ்ப்பக்கம் குத்திப் பின்னோக்கிச் சுழல விடுவது. அது கருப்பை முட்டிவிட்டு நம்மிடமே திரும்பி வரும். நானும் கீழே குத்தினேன். குச்சி வழுக்கியது. ஃபோனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். எல்லோரும் டிப்பைப் பற்றியே பேசினார்கள். குச்சியின் முனையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தோல் ஒட்டியிருக்குமே, அதுதான் டிப். எங்கள் ஃபேக்டரிக் குச்சிகளில் அது தேய்ந்து தட்டையாகக் கிடந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று ஃபேக்டரிக் குச்சி ஒன்றை மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பூல் பார்லர். மலைக்குப் போன சவாரி இறங்கி வரும்வரை டாக்ஸி டிரைவர்கள் அங்கேதான் பொழுதைக் கழிப்பார்கள். குச்சியும் கையுமாக நான் படியேறியதைப் பார்த்து ஆட்டமே நின்றுவிட்டது. கடைக்காரர் மூலையில் உட்கார்ந்து ஒரு குச்சிக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எவரிக்கம்மா, மீ அப்பாயிக்கா?" உங்கள் பையனுக்கா என்று கேட்கிறார்.

"நாக்கே" என்றேன். எனக்குத்தான்.

சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று மூன்று வகை இருந்தது. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் எப்படி இருக்க வேண்டும்? கெட்டியாக, வழவழவென்று இருக்க வேண்டும். அதேபோல இதிலும் இருப்பதிலேயே கெட்டியானதைக் கொடுங்கள் என்றேன். அவர் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். "மீ இஷ்டம்" என்று ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தோலை உப்புத்தாளில் தேய்த்து, பருத்தித் துணியால் பளபளவென்று மெருகேற்றினேன். குச்சி கையில் சுகமாக ஓடட்டும் என்று இடது கையில் கேரம் பவுடரைத் தூவிக்கொண்டேன். குத்துவதற்கு முன்னால் முனையைக் கட்டைவிரலால் ஒரு துடை. ஸ்ட்ரைக்கரைத் துடைத்துத் துடைத்து வந்த பழக்கம் அது, கை தானாகப் போகும்.

மறுநாள் ஷெட்டில் எல்லோருக்கும் முன்னால் கீழே ஒரு குத்து. 'டிக்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பந்து கோணலாக எகிறி மேசையைத் தாண்டிக் குதித்துத் தரையில் உருண்டு சாக்கடைக்குப் போனது.

"அக்காவோட ஒயிட்டு கை கழுவப் போய்க்கினு கீது" என்றான் பாய்லர் பையன். ஷெட்டே சிரித்தது. நானே எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த குத்தும் டிக். அதற்கடுத்ததும் டிக்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர், "இன்னாத்துக்கு இவ்ளோ ரோஷம்? பேசாம பஸ்ல போயிட்டு வாயேன், கோயில் ரோட்டுல நல்ல டிபனாவது துன்னலாம்" என்றார். அவருக்கு எடுத்த இரண்டாவது கரண்டி குழம்பைச் சட்டியிலேயே திரும்ப ஊற்றிவிட்டேன்.

மறுநாள் குச்சியை நேராக லேபுக்குக் கொண்டுபோனேன். மாங்காய்த் தோலில் ஈ குத்தியிருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு லென்ஸ் உண்டு. அதற்குக் கீழே டிப்பை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. வழுக்காமல் இருக்க ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் முனையில் நீலச் சாக் கட்டியைக் கவனமாகத் தேய்த்திருந்தேனே, அந்த நீலம் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நடுவில் வெள்ளை வெளேரென்று என் கேரம் பவுடர் அப்பிக் கிடந்தது. சாக்கைப் பூசிவிட்டு, பவுடர்க் கையால் நானே அதைத் துடைத்தெடுத்திருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆயுசெல்லாம் கேரத்தில் எதையெதையோ வழுக்க வைத்தே பழகிய கை. இங்கே தோல் பந்தைக் கவ்வ வேண்டும். அந்த ஒரு நொடிக் கவ்வலில்தான் சுழற்சி ஏறுகிறது. கெட்டியையும் வழவழப்பையும் பவுடரையும் சேர்த்து வைத்து நான் அதை எல்லாப் பக்கமும் அடைத்திருக்கிறேன். கேரம் ஆடாதவளாக இருந்தால் இந்தத் தப்பு செய்திருக்கவே மாட்டேன் என்று நினைத்தபோது, வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுபடி திருப்பதி. இந்த முறை டிப் பெட்டியையே என் பக்கம் தள்ளச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் அழுத்தினேன். சாஃப்டில் நகம் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. நன்றாகக் கவ்வும், ஆனால் ஓங்கிக் குத்துகிற என் கைக்குச் சீக்கிரம் சப்பையாகிவிடும். ஹார்டில் நகமே இறங்கவில்லை. அடிக்கடி சொரசொரப்பாக்கிக்கொண்டே இருந்தால்தான் சாக் நிற்கும். மீடியத்தில் நகம் கொஞ்சம் இறங்கியது, பள்ளம் மெதுவாக நிரம்பியது. கூழுக்கு வருகிற தோத்தாபுரி மாம்பழத்தில் நான் தேடுவதும் இதே பதம்தான். அதிலும் ஒரே பெட்டியில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பொறுமையாகப் பொறுக்கினேன்.

"மாமிடிகாயலு ஏருதுன்னாராம்மா?" மாங்காயா பொறுக்குகிறீர்கள் என்கிறார் கடைக்காரர்.

"அதே நா பனி" என்றேன். என் வேலையே அதுதான்.

டிரைவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நான் எடுத்துக் கொடுத்ததைத் தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். ஒட்டி, ஓரத்தைப் பிளேடால் சீவினார். மேல்பக்கம் ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு போல வளைவு வேண்டும் என்றேன். தட்டையாக இருந்தால், கீழே குத்தும்போது ஓரம்தான் படும். வளைவாக இருந்தால் தோலின் நல்ல பாகம் படும். ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். கடைசியில் மெருகு போடப் போனவரைத் தடுத்தேன். சொரசொரப்பாகவே விடுங்கள் என்றேன்.

பவுடர் டப்பாவை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். வழுக்கல் நின்றது. ஆனால் வெள்ளை திரும்பி வரவில்லை. வந்த கோபத்தில் அந்தப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் சாக்கின் நீலப் பொட்டு ஒன்று இருந்தது, குத்து விழுந்த இடம். நான் அடியில் குத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொட்டோ நடுவுக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் கை தானாக மேலே ஏறியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு குத்துக்கும் பந்தைத் துடைத்து வைப்பேன், குத்துவேன், பொட்டு எங்கே என்று பார்ப்பேன். சாப்பாட்டு நேரமெல்லாம் இதுதான். பொட்டு கீழே இறங்க இறங்க வெள்ளை முதலில் முட்டிய இடத்திலேயே நின்றது, பிறகு ஒரு சாண் பின்னால் வந்தது. அது முழு மேசையும் தாண்டி என் கைக்கே வந்த அன்று வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன். "சரி, சோறு துன்னியா?" என்றார்.

சனிக்கிழமை. முதல் ஆட்டம் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் என் பந்துகளெல்லாம் போய்க் கருப்பு மட்டும் பாக்கி. அது மூலைக் குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. வெள்ளை அந்தக் கோடியில். இரண்டும் குழியும் ஒரே நேர்கோடு. பாய்லர் பையன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். என்னுடைய பழைய வியாதி அவனுக்குத் தெரியும்.

"மெதுவா மேடம், மெதுவா" என்றார் மேனேஜர். மெதுவாகப் போனால் அந்த மேசையில் பந்து சாக்கடைப் பக்கம் திரும்பிவிடும். கருப்பு விழாது, அடுத்து அவன் வந்து ஆட்டத்தை முடிப்பான். பலமாகக் குத்தினால் கருப்பு விழும். கூடவே வெள்ளையும் விழலாம். இரண்டில் எனக்கு எது பிடிக்கும் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்கவேண்டியதே இல்லை.

சாக்கைப் பூசினேன். கட்டைவிரல் முனையைத் துடைக்கக் கிளம்பியது, அதட்டி நிறுத்தினேன். குனிந்து, பந்தின் அடியைப் பார்த்து, பலமாக, ஒரே குத்து.

கருப்பு விழுந்தது. வெள்ளை அதே இடத்தில் ஒரு கணம் நின்று சுழன்றது. பிறகு கிளம்பி, மேசையின் பாதியைத் தாண்டி என்னைப் பார்த்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

உடனே எல்லோரும் கேட்டது, "டிப் எங்க வாங்கினீங்க?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாய்லர் பையன், "அக்கா, அந்த ஸ்டிக்க குடு" என்று வாங்கி, இரண்டு பந்தையும் அதே இடத்தில் வைத்துக் குத்தினான். கருப்பு விழுந்தது, பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி இரண்டும் விழுந்தன.

குச்சியை என்னிடம் நீட்டி, "டிப்புல இல்லக்கா" என்றான்.

"டிப்புலயும் கீது தம்பி. நான் பாத்துப் பொறுக்கினதாச்சே" என்றேன். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

போட்டியன்று திருப்பதிக்கு அவனும் பஸ்ஸில் வந்தான். வராமல் இருந்திருக்கலாம், நானாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். வாசலில் மேசை போட்டு ஒரு இளைஞர் ஆட்டக்காரர்களுக்கு பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் மூவருக்கும் கொடுத்துவிட்டு, நாலாவதைப் பாய்லர் பையனிடம் நீட்டினார். என்னிடம், குடும்பத்தார் உட்காருவது மாடியில் என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நேனு காதன்னா. ஆடேதி ஆயம்மா." நான் இல்லை அண்ணா, ஆடுவது அந்த அம்மா.

சொல்லிவிட்டு பேட்ஜை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தான். நான் இதுவரை வாங்கிய கோப்பைகளையும் டப்பாக்களையும் யார் யாரோ பெரிய மனிதர்கள் கொடுத்தார்கள். என்னிடம் தோற்றவன் கையால் வாங்கியது இது ஒன்றுதான். புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு உள்ளே போனேன்.