மூன்றுக்குப் பிறகு வராத நாலு

குருநகரில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில், செவ்வாயும் சனியும் பின்நேரம் மூன்று மணிக்கு நான் பிலாட்டிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பாயில் படுத்து, வயிறு, முதுகு, மூச்சு மூன்றையும் சேர்த்து மெதுவாகச் செய்கிற உடற்பயிற்சி. வருகிறவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் சந்தையில் மீன் விற்கும் பெண்கள். பெட்டி தூக்கித் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள். எட்டாவது ஆள் முன்பு கடலுக்கடியில் மூழ்கிக் கடலட்டை பிடித்த சுழியோடி. அவருக்கும் முதுகுதான்.

முதல் நாளே பெயரில் சிக்கல் வந்தது. ஏழு பேரிலும் குரல் பெரிய அக்கா கேட்டார்:

“உது ஆண்டவரைச் சிலுவையிலை அறைய விட்ட பிலாத்துவின்ரை பேரோ?”

“இல்லை அக்கா, இது வேறை ஆள்.”

அச்சுவேலியில் இருந்து வந்த ஒரு சைவக்காரனின் வார்த்தையை இந்த விஷயத்தில் எவ்வளவு நம்பலாம் என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லாரும் அதை ‘முதுகு வகுப்பு’ என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

நான் இந்த வேலைக்கு வந்த கதை வீரக்கதை அல்ல. கொழும்பில் கணக்காளராக இருந்த காலத்தில், ஒரு நாள் லிஃப்டுக்குள் நெஞ்சு இறுகி, கை விறைத்து, செத்துக்கொண்டிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். ஆறாம் மாடியில் இருந்து கீழே வருவதற்குள் என்னுடைய மரண அறிவித்தலை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். மைத்துனர்மாரின் பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவது என்பதில்தான் கொஞ்சம் தடங்கல். ஆஸ்பத்திரியில் டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, “உங்கடை இதயம் என்ரையை விட நல்லா இருக்கு” என்றார். அவருக்காகக் கவலைப்பட்டேன். எனக்கு வந்தது பயம் மட்டும்தான். நரம்புகள் வீணாக அபாய மணி அடிக்கின்றன, மூச்சை நீளமாக வெளியே விட்டால் அந்த மணி மெல்ல மெல்ல ஓயும் என்று சொல்லி, பிலாட்டிஸ் ஆசிரியை ஒருவரிடம் அனுப்பினார்கள். போனேன், படித்தேன், சான்றிதழ் எடுத்தேன், ஊருக்கு வந்தேன். பயமும் என்னோடு கூடவே வந்தது, முன்னையைவிடக் குறைவாக.

அது மட்டும் வகுப்புக்குத் தெரியக்கூடாது என்று இருந்தேன். உடம்பை அமைதிப்படுத்தச் சொல்லிக்கொடுக்கிறவன் நடுங்குகிறான் என்று தெரிந்தால் அடுத்த கிழமை யார் வருவார்கள்? ஆகவே ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தேன். என் பாய் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். என்னைக் கொண்டுவந்து இறக்கும் ஓட்டோ, வகுப்பு முடியும்வரை வெளியே நிற்கும். திரும்பிப் போக வசதி என்று சொல்லியிருந்தேன். நான் கணக்குப் போட்டிருந்தது ஆஸ்பத்திரிக்கு.

மாணவர்களிடம் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, மூச்சை அடக்குவது. அதில் சுழியோடி அண்ணைதான் முதல் ஆள்.

“மூச்சை விடுங்கோ அண்ணை.”

“விட்டால் பிறகு மேலை வரவேணும், மாஸ்ரர்.”

ஆறு எண்ணும்வரை மூச்சை விடச் சொன்னால் எல்லாரும் மூன்றிலேயே முடித்துவிடுவார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தது குரல் பெரிய அக்கா. கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது ஒருவர் ஒரு புனிதரின் பெயரைச் சொல்ல, மற்ற எல்லாரும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று ஒரே மூச்சில் இழுத்துச் சொல்வார்களாம். சொல்லிக் காட்டினார்கள். கச்சிதமாக ஆறு எண்ணிக்கை. அன்றிலிருந்து அக்கா புனிதர்களைக் கூப்பிடுவார், நாங்கள் மூச்சை விடுவோம். நானும் விட்டேன். ஒரு நாள் எட்டிப் பார்த்த பாதர், உடற்பயிற்சி என்றுதானே மண்டபத்தைக் கேட்டார்கள் என்ற முகத்தோடு திரும்பிப் போனார்.

இரண்டாவது குறைக்கு வழி கிடைக்கவில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இரண்டு காலையும் தூக்கி வைத்திருக்க வேண்டும். “நான் நாலு வரைக்கும் எண்ணுவன். அதுக்கு முன்னம் காணும், போதும் எண்டு உடம்பு சொன்னால் இறக்குங்கோ. என்ரை எண்ணிக்கையைப் பாக்காதேங்கோ” என்று மாதக்கணக்காகச் சொன்னேன். ஒருவரும் இறக்கவில்லை. தொடை நடுங்கும், முகம் சிவக்கும், நாலு கேட்டால்தான் கால் கீழே வரும்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். எனக்குத் தெரியாது. எட்டுப் பேரும் காலைத் தூக்கியிருந்தார்கள். “ஒண்டு, இரண்டு, மூண்டு” என்றேன். மண்டபத்துக்குப் பின்னால் வெடி கட்டு கட்டாக வெடித்தது.

வெடிச் சத்தம் கேட்டால் விழுந்து படுப்பது போர்க்காலத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறையின் பழக்கம். அவர்கள் ஏற்கெனவே படுத்துத்தான் இருந்தார்கள். மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்.

விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. கூரை கொஞ்சம் கீழே இறங்கியது போல இருந்தது. நாலு என்ற எண் என்னை விட்டுப் போய்விட்டது. கதவைப் பார்த்தேன். செருப்பு தயாராக இருந்தது. ஓட்டோவும் நின்றது. உள்ளே ஆளில்லை, ஓட்டுகிறவர் கொடியேற்றம் பார்க்கப் போயிருந்தார்.

பதினாறு கால்கள் மேலேயே நின்றன.

“மாஸ்ரர், நாலு எங்கை?”

“பொறு, சோதிக்கிறார்.”

“சோதிக்கிற மூஞ்சை இல்லை உது. வெளிறிப் போச்சு.”

சுவரில் சரிந்து கீழே உட்கார்ந்தேன். அப்போதும் ஒருவர் மூச்சுத் திணறத் திணறக் கேட்டார்: “மாஸ்ரர், காலை இறக்கட்டோ?”

“இறக்குங்கோடி, ஆள் போகப்போகுது” என்றார் குரல் பெரிய அக்கா.

சுற்றி நின்றார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். அக்கா சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் புனிதர்களைக் கூப்பிடத் தொடங்கினார். அது வகுப்பில் சொல்கிற மாதிரி இல்லை. சாகக் கிடக்கிறவரின் கட்டிலைச் சுற்றி நின்று சொல்கிற மன்றாட்டு. கொழும்பில் பக்கத்து வீட்டு ஐயா போனபோது கேட்டிருக்கிறேன். நான் சாகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

மற்ற ஆறு பேரும் சுழியோடி அண்ணையும் பதில் சொன்னார்கள், அதே இழுவையில். என் உடம்புக்கு அது மரண மன்றாட்டு என்று தெரியாது. அந்த இழுவை கேட்டால் மூச்சை விடவேண்டும் என்று மட்டும் அதற்குப் பழக்கியிருந்தேன். விட்டது. அடுத்த புனிதருக்கும் விட்டது. எந்தப் புனிதரோடு என் விரல்கள் திரும்பி வந்தன என்று தெரியாது. தெரிந்தால் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம்.

“அக்கா, காணும். நான் சாகேல்லை.”

“துவங்கினால் முடிக்கவேணும். பேசாமல் இருங்கோ.”

முடித்தார். உயிரோடு இருந்தபடியே எனக்கான அந்த மன்றாட்டை முழுதாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடையில் பழக்கதோஷத்தில் இரண்டு முறை நானும் பதில் சொன்னேன்.

பிறகு சொன்னேன். “நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. வெறும் பயம். இப்பிடித்தான் வரும், போகும். கன காலமா இருக்கு.” சொல்லிவிட்டு, இனி ஆள் வராத எட்டுப் பாய்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தேன்.

“உது தெரியும்தானே” என்றார் மூச்சுத் திணறக் கேட்டவர்.

“எப்பிடி?”

“செருப்பு வாசலைப் பாத்து நிக்குது. ஓட்டோ நிக்குது. மழை அடிச்சாலும் கதவைச் சாத்த விடமாட்டியள். நாங்கள் என்ன, குருடே?”

சுழியோடி அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. “எனக்குக் கீழை பயம் வந்தால் கயித்தை ரெண்டு தரம் இழுப்பன். வள்ளத்திலை நிக்கிறவன் தூக்குவான். நீங்கள் ஏன் ஒருத்தருக்கும் சொல்லாமல் நிண்டனீங்கள்?”



செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வெறும் மண்டபத்தை எதிர்பார்த்துத்தான் போனேன். எட்டுப் பேரும் எனக்கு முதலே வந்து படுத்திருந்தார்கள். செருப்பை வழக்கம்போல் வாசலைப் பார்த்து வைத்தேன். ஒரு பாயில் இருந்து கனைப்புச் சத்தம் வந்தது. என் பாயைக் கதவடியில் இருந்து யாரோ நடுவுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். அதைத் திரும்ப இழுக்கவில்லை.

கால்கள் மேலே போயின. ஒண்டு, இரண்டு, மூண்டு என்று எண்ணி நிறுத்தினேன். இந்தத் தடவை வேண்டுமென்றுதான்.

எட்டுப் பேரும் நாலுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு சுழியோடி அண்ணை நீளமாக மூச்சை விட்டு, காலை மெதுவாக இறக்கினார்.

“எனக்குக் காணும், மாஸ்ரர்.”

அதற்குப் பிறகு ஒருவர், இன்னொருவர், தங்கள் தங்கள் நேரத்துக்கு இறக்கினார்கள். கடைசியில் குரல் பெரிய அக்காவின் இரண்டு கால்கள் மட்டும் மேலே நின்றன, தொடை நடுங்கிக்கொண்டு.

“காணும் எண்டால் இறக்கலாம் அக்கா.”

“எனக்கு நாலு கேக்கவேணும்.”

நாலு சொன்னேன்.