ரவுண்டு என்று அவள் சொன்னபோது

தேயிலைக் கொழுந்துக்கு விலையே இல்லாமல் போன வருடங்களில், ஊட்டியில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தேன். அப்போது ஒரு மாணவியின் சரியான ஆய்வைத் தவறு என்று சொல்லித் தள்ளினேன். உண்மையில் அது எனக்குப் புரியவில்லை.

அவள் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண். எம்.ஃபில் ஆய்வுக்கு எடுத்தது ஆப்பரேட்டர் அல்ஜீப்ராவில் கே-தியரி. ஒரு வெளியின் புள்ளிகளை ஒரே விதியால் மறுபடி மறுபடி நகர்த்துகிறோம். அந்த நகர்விலிருந்து ஓர் அல்ஜீப்ரா பிறக்கிறது. அதன் அமைப்பை கே-தியரி சில குழுக்களாகப் பிடித்துக் காட்டுகிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவே. அதற்கு மேல் ஒரே மூட்டம். ஆனாலும் வழிகாட்டி நான்தான். நான் சம்மதித்தால்தான் ஆய்வேடு போகும்.

எந்தப் புள்ளியும் கிளம்பிய இடத்துக்கே திரும்பாத நகர்வுகளைப் பற்றியது அவள் முடிவு. துறையில் அதை விளக்கும்போது, "எஸ்டேட்ல ரவுண்டு வருமில்லைங்களா சார், அந்த மாதிரிங்க" என்றாள். பறித்த பகுதிக்கே மறுபடி பறிக்க வருவதுதான் ரவுண்டு. பிடி கிடைத்ததென்று பாய்ந்தேன்.

"ரவுண்டுன்னா பழைய எடத்துக்கே வந்துடுச்சே! அப்புறம் உன் தேற்றம் எப்படிம்மா நிக்கும்?"

"கொழுந்து பறிச்ச கை, கணக்கையும் கிள்ளிருச்சு போல" என்றார் சக ஆசிரியர். சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. "தோட்டம் அதேதாங்க சார். கொழுந்து அதே கொழுந்து இல்லைங்களே. கிட்ட வரும், அதே புள்ளிக்கு வராது."

அந்தக் கணமே தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வியில் என் அறியாமை வெளியே வந்துவிடும். "திருத்தி, அடுத்த வருஷம் கொண்டு வா" என்றேன். அவள் அம்மாவுக்கு எஸ்டேட்டில் பாதி நாள் வேலையில்லை. அடுத்த வருடம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஓய்வுபெற்ற பிறகு, பிழை என்னுடையது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மறுபடி சமர்ப்பிக்க, வெகுநாள் கழித்து அனுமதி வந்தது. அந்தக் கடிதத்தோடு திருப்பூரில் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். படித்துவிட்டு, மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"ஏனுங்க சார், இப்பவாவது கே-தியரி வெளங்குச்சுங்களா?"

"பாதிதாம்மா."

என் அறியாமையைப் பற்றி அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். இப்போது அவள் சிரித்தாள். "நீங்க ரவுண்டு வந்துட்டீங்க சார். நான் அதே கொழுந்து இல்லைங்களே."

அவள் மன்னித்தாளா, மறுத்தாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. புரியாததைப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மட்டும், காலம் கடந்து, பழகியிருக்கிறேன்.